முன் வயலுக்குப் போகாத செய்தி

இன்று காலை எட்டே காலுக்கு வாய்க்கால் கரையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், உள் வயலைக் குத்தகைக்குச் செய்யும் வசந்தா அக்கா, ரோட்டோர முன் வயலுக்குச் சொந்தக்காரர் கோபால் அண்ணன், அறுவடை வண்டி ஓட்டும் பழனி. ஐந்தாவதாக வண்டி. அது ரோட்டை விட்டு இறங்கவில்லை.

அறுவடை வண்டிக்கு நாள் பதியும் செயலியை வீட்டு வேலைக்கு நடுவே நானே படித்து எழுதினேன் என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். சம்பா அறுவடைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பதிந்தால், பதிவுகளை அட்டவணைகளாக வைக்கும் பழைய எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் திணறியது. அதனால் ஞாயிற்றுக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, அட்டவணைகளை விட்டு, ஒவ்வொரு பதிவும் தனித்தனி ஆவணமாக நிற்கும் புதிய டேட்டாபேஸுக்கு மாறினேன். அதில் விழுந்த முதல் பதிவு வசந்தா அக்காவுடையது; அந்த அறுவடையைக் கண்ணால் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

தஞ்சாவூரில் 5.20க்குப் பேருந்து. மன்னார்குடி வரை 37 கிலோமீட்டர், அங்கே மாறி திருத்துறைப்பூண்டிக்கு இன்னும் 28. இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து 58 ரூபாய். மன்னார்குடியில் கோபுரம் இருக்கும் திசை பார்த்துக் கையெடுத்தேன். வயிறு அப்போதே சரியில்லை. கடைசி ஆறு கிலோமீட்டர் ஆட்டோ, 150 ரூபாய்.

நம் பக்கத்தில் உள் வயலுக்குத் தனி வழி கிடையாது. முன் வயலை அறுத்துவிட்டுத்தான் வண்டி உள்ளே போகும். ஆக, ஒரு பதிவு என்பது இரண்டு பதிவு. பழைய டேட்டாபேஸ் இரண்டையும் சேர்த்துப் பதியும், இல்லையென்றால் இரண்டையுமே பதியாது. புதியதிலும் அப்படி இரண்டையும் சேர்த்துக் கட்டிப் பதிய வழி உண்டு. நான்தான் கட்டவில்லை. உள் வயல் பதிவு விழுந்து, முன் வயல் பதிவு விழுவதற்குள் சிக்னல் போயிருக்கிறது. வசந்தா அக்காவுக்கு 'உறுதி' என்று செய்தி போனது. கோபால் அண்ணனுக்கு ஒன்றுமே போகவில்லை.

தார்ப்பாய், டிராக்டர் எதற்கும் அவர் சொல்லி வைக்கவில்லை. அறுத்த நெல்லை எங்கே கொட்டுவது என்று கேட்டார். பிறகு வசந்தா அக்காவைப் பார்த்து, "ஒனக்குத்தான் மெசேஜ் வந்துச்சே, அது மேலயே வண்டிய ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார்.

"வண்டிக்கு றெக்கை இல்லண்ணே" என்றான் பழனி. அவனுக்குப் பதினோரு மணிக்கு அடுத்த ஊர்.

வசந்தா அக்கா என்னிடம் திரும்பினார். "இத மாத்துனதுல என்ன லாபம்ங்க?"

"வேகமா பதியும்க்கா."

"வேகமாத்தான் வந்துச்சு. வந்து நிக்குது பாருங்க."

அவருடைய ஆறு மா, அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கர், நெல்லும் பழுத்துத் தலை சாய்ந்து கிடக்கிறது. நாளை மறுநாள் மழை என்கிறார்கள். நாளைக் காலைக்குள் தார்ப்பாய்க்கும் டிராக்டருக்கும் ஏற்பாடு செய்வதாகக் கோபால் அண்ணன் இறங்கி வந்தார். ஆனால் வண்டி நாளை வேறு வயலுக்குப் பதிவாகியிருக்கிறது.

திரும்பும் பேருந்தில், ஞாயிறுக்குப் பிறகு விழுந்த பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முன் வயல் இல்லாத உள் வயல் இன்னும் மூன்று. இரண்டு பேர் போனை எடுத்தார்கள், சரிசெய்துவிட்டேன். மூன்றாவதுதான் பழனியின் வண்டிக்கு நாளைக் காலை ஏழு மணிப் பதிவு. போன் அணைந்திருக்கிறது. முன் வயல்காரர் எண்ணோ, விழாமல் போன அந்த ஆவணத்தோடு போய்விட்டது.

இதே மாதிரி மாறப் போகிறவர்களுக்கு: சேர்ந்தே நடக்க வேண்டியவற்றை ஒரே ஆவணத்தில் வையுங்கள். அறுவடை நடுவில் மாறாதீர்கள். இந்த வழியில் போகிறவர்களுக்கு: மன்னார்குடியில் பேருந்து மாறப் பத்து நிமிடம் கிடைக்கும், கழிவறைக்கு அங்கேயே போய்விடுங்கள்.

நாளை ஏழு மணிக்கு உள் வயலுக்கு வண்டி பதிந்தவர் இதைப் பார்த்தால், உங்கள் முன் வயல்காரர் நாளை அறுக்கத் தயாரா என்று கேளுங்கள், அவருக்குச் செய்தி போயிருக்காது. தயாரென்றால் வண்டி உங்களுக்குத்தான். தயாரில்லையென்றால் வண்டியை வசந்தா அக்காவுக்கு அனுப்பிவிடுவேன், உங்களுக்கு வேறு நேரம் தேடித் தருவேன். எதுவானாலும் இன்று மாலை ஆறு மணிக்குள் பதில் போடுங்கள்.