சிவப்பு மூடிக்குள் சின்ன பிரேக்

வெள்ளைக் கார்க்காரரே, நீர் வாக்குத் தவறிய ஆள். "சீசன் முடியட்டும் அண்ணாச்சி, வந்து முன் பிரேக்கை மாத்திக்கிடுதேன்" என்று என் கடை வாசலில் நின்று சொன்னீர். சாரல் நின்றது. அருவி நூலாகிவிட்டது. குற்றாலத்தில் பழக்கடை போட்டவர்கள்கூடக் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். உம்மைக் காணோம். உமக்காக எடுத்துவைத்த இரண்டு பிரேக் டிஸ்க்கும் எண்ணெய்த் தாளில் சுற்றியபடி என் அலமாரியில் கிடக்கின்றன.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் எனக்கு வீல், பிரேக் கடை. தொழிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: வண்டி ஓடுவதை ஊரே பார்க்கும், நிற்பதை எவனும் பார்க்க மாட்டான். அதனால் பெரிய சக்கரம் வேண்டுமென்று வாய் நிறையக் கேட்டு வருகிறார்கள். பிரேக் என்று நான் வாயெடுத்தால் முகம் சுண்டிவிடுகிறது. தையல்காரரோ, பல் டாக்டரோ, வாடிக்கையாளர் வாயில் விழுந்து எழுகிறவர் யாராக இருந்தாலும் இதை வாசித்து என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம்.

தாம்பாளத்தில் அப்பளம்

விஷயம் இவ்வளவுதான். சக்கரத்துக்குள் சுழல்கிற இரும்புத் தட்டு டிஸ்க். அதைக் கவ்விப் பிடிக்கிற கை கேலிப்பர். கம்பெனி சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் வீல் போட்டால் கனம் கூடுகிறது. கனம் கூடினால் நிறுத்தப் பிடியும் கூட வேண்டும். அதே காரின் உயர்ந்த மாடலில் முன்பக்க டிஸ்க்கும் கேலிப்பரும் பெரிதாக வரும். சின்ன சக்கரத்துக்குள் அது அடங்காது. பெரிய சக்கரம் போட்டவனுக்கு இடம் தானாகவே கிடைத்துவிடுகிறது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். லாரி கிளீனராகப் போய், மலையிறக்கத்தில் பயந்து பயந்து இதைப் படித்தேன்.

மேலகரத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்குத் தொண்டை வறள இதையெல்லாம் விளக்கினேன். சூடு என்றேன், பிடி என்றேன், இறக்கம் என்றேன். மனிதர் வேட்டியை மடித்துக்கொண்டு புது வீலுக்கு முன்னால் குத்தவைத்து, கம்பிகளுக்கிடையே உள்ளே எட்டிப் பார்த்தார். எழுந்து சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க சொன்னதுல ஒண்ணும் எனக்கு வெளங்கல. ஆனா தாம்பாளத்துல ஒத்த அப்பளத்த வச்ச மாதிரி அசிங்கமா இருக்கு. பெருசாவே போட்டுருங்க."

பெட்டியில் வந்த இரும்பு

கடையநல்லூர்க்காரர் ஒருவர் வளைகுடாவில் இருந்து நாள் தவறாமல் போனில் விலை பேசினார். பேரத்தில் என்னை அசைக்கிற ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அங்கேயே டிஸ்க்கை வாங்கிப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். விமான நிலையத்தில் கனம் கூடுதல் என்றார்களாம். மனிதர் பேரீச்சம்பழத்தை எடுத்தார், சாக்லேட்டை எடுத்தார், கம்பளியை எடுத்தார். இரும்பை மட்டும் எடுக்கவில்லை.

நான் வீலைக் கழற்றி டிஸ்க்கை வைத்துப் பார்த்தேன். காரில் நாலு போல்ட். டிஸ்க்கில் அஞ்சு துளை. நான் திருப்பி வைத்தேன், அவர் திருப்பி வைத்தார், அஞ்சு நாலாகவில்லை. "துளை போட்டு மாட்டும்" என்றார். நான் போட்ட சத்தத்தில் எதிர்ச்சாரி டீக்கடையே திரும்பிப் பார்த்தது. காருக்குள் இருந்த அவர் மனைவி கண்ணாடியை இறக்கினார்: "மூணு வருசம் கழிச்சு ஊருக்கு வந்திருக்காவ. இந்த ரெண்டு தோசைக்கல்லுக்குப் பதிலா ரெண்டு கிலோ பாதாம் கொண்டு வந்திருந்தா புள்ளைங்களாவது தின்னிருக்கும்."

பிளாட்டுக்கு ஒரு பிரேக்

புது பிரேக்கை மாட்டியதும் அப்படியே சாவியைக் கொடுக்கக் கூடாது. வெறிச்சோடிய சாலையில் வேகமெடுத்து, அழுத்திப் பிடித்து, நிற்குமுன் விட்டு, மறுபடி வேகமெடுத்து, இப்படிப் பத்துத் தடவையாவது செய்தால்தான் கேலிப்பருக்குள் இருக்கிற உராய்வுக் கட்டையான பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும். இதற்கு நான் குத்துக்கல்வலசைப் பக்கம் மனைப்பிரிவுகளுக்குள் போவேன். புதுத் தார் ரோடு, நட்ட கல், ஆளில்லாத வெளி.

ஒரு நாள் காலை அப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒருவர் பைக்கில் விடாமல் பின்னால் வந்தார். நான் வேகமெடுத்தால் அவரும் வேகமெடுத்தார், நான் பிடித்தால் அவரும் பிடித்தார். கடைசியில் நிறுத்தி, சண்டைக்குத் தயாராக இறங்கினேன். மூச்சிரைக்க வந்து விசிட்டிங் கார்டை நீட்டினார் மனைத் தரகர்: "அண்ணாச்சி, பிளாட்டுக்கு பிளாட்டு பிரேக் போடுதீய. எது புடிச்சிருக்குன்னு சொன்னா நானும் ஒரு இடத்துல நிப்பேன்லா?"

மீன் குழம்பு

செங்கோட்டைத் தம்பதி. பெரிய பிரேக் மாட்டி அனுப்பிய மறுநாளே திரும்பி வந்தார்கள். கணவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அந்த அம்மா இறங்கினார். அண்ணன் வீட்டுக்குத் தூக்கில் மீன் குழம்பு கொண்டுபோயிருக்கிறார். வழியில் ஆடு குறுக்கே விழ, கணவர் பழைய பழக்கத்தில் ஓங்கி மிதிக்க, கார் நட்ட கல்லாக நின்றுவிட்டது. குழம்பு மட்டும் நிற்கவில்லை. "ஆடு பொழச்சுதாம்மா?" என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான். அதற்கு அவர்: "ஆடு பொழச்சுது சரி. மீனு செத்தது வீணாப் போச்சே, அதுக்கு என்ன சொல்லுதீய?"

கொசுறு

இனி உம்ம கதை, வெள்ளைக் கார்க்காரரே. வாரம் ஒருமுறை மலை தாண்டிப் புனலூருக்குப் போய் வருகிறவர் நீர். மனைவி பிறந்த வீடு அங்கே என்பதால் லீவு விட்டால் இரண்டு மகள்களும் பின்சீட்டில். இதையெல்லாம் நீர்தான் சொன்னீர். வீல், டயர், முன் பிரேக் என்று மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தோம். காலையில் தொடங்கியது, மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை இழுத்தது. நீரும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால், இப்படி ஒரு ஆள் கிடைத்தானே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எதையாவது ஒண்ணக் குறைச்சு முடிச்சு விடும்" என்றீர். பேனா என் கையில் இருந்தது. எதை அடித்தால் உமக்குக் குறையே தெரியாது என்று எனக்குத் தெரியும். பிரேக் என்று எழுதிய வரியை அடித்தேன். பேரம் முடிந்தது. சீசனுக்குப் பிறகு வருவதாக நீர் சொன்னது அப்போதுதான்.

வீல் மாட்டியதும் உம்ம மூத்த மகள், "உள்ள இருக்கது சின்னதா இருக்கேப்பா" என்றாள். உமக்கு முகம் வாடியது. கையில் வந்த வியாபாரம் கலைந்துவிடக் கூடாதே என்று, கேலிப்பர் மேல் ஒட்டுகிற சிவப்பு பிளாஸ்டிக் மூடி இரண்டைக் கொசுறாக மாட்டிவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் பந்தயக் கார் பிரேக் மாதிரியே இருக்கும். நீர் எட்ட நின்று பார்த்துவிட்டு ஒன்று சொன்னீர். நாம் இரண்டு பேருமே அதற்குச் சிரித்தோம்: "பிரேக் போட்ட மாதிரியே இருக்கு அண்ணாச்சி. இனி பிரேக் எதுக்கு?"

புளியறையில்

போன மாதம் ஆரியங்காவு வரை போய்விட்டுத் திரும்புகையில், புளியறை செக்போஸ்ட் தாண்டிப் பரோட்டாக் கடை முன்னால் கூட்டம். கருகல் வாடை எனக்கு முதலில் வந்தது, கார் பிறகுதான் தெரிந்தது. வெள்ளைக் கார். முன் சக்கரம் இரண்டிலும் புகை. நீர் பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனீர். ஓடிவந்து பிடுங்கினேன், கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். வளைவில் ஒரு லாரிக்குப் பின்னால் வரும்போது பிரேக்கை மிதித்தால் மெத்தையை மிதித்த மாதிரி உள்ளே போனது என்றீர். கனத்த சக்கரத்தை இறக்கம் முழுக்கப் பிடித்துப் பிடித்து, சின்ன பிரேக் சூடேறிப் பிடியை விட்டிருக்கிறது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எப்படியோ கீழே வந்து சேர்ந்திருக்கிறீர். மூத்தவள் வெளியே நின்றாள். சின்னவள் இறங்கவே இல்லை. முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நான் கத்தினேன். நாளைக் காலையில் வண்டி கடைக்கு வரணும், கூலிகூட வேண்டாம் என்று பரோட்டா தட்டுகிறவன் கை நிற்கிற அளவுக்குக் கத்தினேன். நீர் நான் சொன்னதைக் கேட்ட மாதிரியே இல்லை. சிவப்பு மூடி உருகி, புது வீலில் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தீர். பிறகு சொன்னீர்: "மட்ட பிளாஸ்டிக்கு அண்ணாச்சி. வேற நல்ல மூடி இருந்தா போட்டுத் தாங்களேன்."

அதற்கு நான் சொன்னதை எழுத முடியாது. அன்றிலிருந்து என் கடையைத் தாண்டும்போது உமக்குக் கழுத்து மறுபக்கம் திரும்பிக்கொள்கிறது. போனையும் எடுப்பதில்லை.

சரி, பேனாவை வைத்து அடித்தவன் நான். மூடியைக் கொசுறாகக் கொடுத்தவனும் நான். ஏசியவனும் நான்தான். உம்ம மகள்கள் முன்னால் ஏசியிருக்கக் கூடாது. என் பங்கு தப்பையெல்லாம் ஒத்துக்கொண்டேன், ஆனால் ஸ்டியரிங் உம்ம கையில்தானே இருக்கிறது? பள்ளிக்கூட லீவு வரப்போகிறது, பிள்ளைகள் பின்சீட்டில் ஏறும், அதே வளைவு அங்கேயே இருக்கும். ஒரு காலைப் பொழுது எனக்குக் கொடும். வேண்டுமானால் முதலிலிருந்து பேரம் பேசுவோம், இந்தத் தடவை நான் தோற்றுத் தருகிறேன். ஆகையால் நாளைக்கே வண்டியைக் கொண்டுவந்து என் கடை வாசலில் நிறுத்தும், அந்த ஒரு தடவை நிறுத்துவதற்கு இப்போதிருக்கிற பிரேக்கே போதும்.