எர்மினியா எழுதிக் கொடுத்த மரம்

எர்மினியா கிஹாடா யாரையும் லேசில் நம்பமாட்டாள். இருபத்தொன்பது வருஷம் நொகாலெஸ் எல்லைச் சாவடியில், தெற்கிலிருந்து வரும் தக்காளிப் பெட்டிகளைத் திறந்து பூச்சி தேடியவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கடையில் முட்டை வாங்கினால் பன்னிரண்டையும் வெளியே எடுத்து உருட்டிப் பார்ப்பாள். அவள் மகளுக்கு நான் ஞானத்தாய், அதனால் என்னைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவாள். அந்த உறவுக்கே முக்கால்வாசி நம்பிக்கைதான் கிடைத்தது.

அப்படிப்பட்டவளிடம்தான் சான் அமாடோ ஓடையின் கீழ்ப்பகுதியில் சாம்பல் பருந்துக் கூடுகளைக் கண்காணிக்கும் பொறுப்பு இருந்தது. மேல்பகுதி எனக்கு. தன்னார்வக் குழு, சம்பளம் கிடையாது, வெயிலும் முள்ளும்தான் மிச்சம். சுற்றிலும் கள்ளியும் சீமைக்கருவேலமும் காய்ந்து கிடக்க, ஓடையோரம் மட்டும் காட்டன்வுட் மரங்கள் பச்சையாக நிற்கும். மார்ச்சில் தெற்கிலிருந்து வரும் பருந்துகள் அந்த மரங்களின் உயரத்தில்தான் கூடு கட்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த தீயில் கீழ்ப்பகுதி பாதி கருகிப்போனது. அதற்குப் பிறகு அவள் பகுதிக்கு ஒரு ஜோடிகூட வரவில்லை. இந்த வருஷம்தான் ஒன்று வந்து, ஜூன் தொடக்கத்தில் இரண்டு குஞ்சு பொரித்தது. எர்மினியா அன்று என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மகள் கல்யாணத்தில் கண் கலங்காத மனுஷி.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூடு இருக்கும் மரத்தை வாயால் சொல்வதில்லை. காபிக் கடையில் பேசினால், "மேல் வீட்டுக்குக் குடித்தனம் வந்தாச்சா?" என்போம். கூட்டுக்குக் கீழே நடக்கும்போது தலையைத் தூக்குவதில்லை. நாம் எங்கே பார்க்கிறோம் என்று, குஞ்சைத் தின்ன வரும் அண்டங்காக்கை பார்த்துக்கொண்டிருக்கும், மனிதர்களும் பார்ப்பார்கள். குஞ்சைத் திருடி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எர்மினியா இந்த வழக்கத்தில் எங்கள் எல்லோரையும் மிஞ்சியவள். கூடு இல்லாத மரத்தடியில் கால் மணி நேரம் அண்ணாந்து நிற்பாள். கேட்டால், "பாக்கிறவன் பாத்து ஏமாறட்டும்" என்பாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் லைல் டேக்கெட் வந்து சேர்ந்தான். அறுபத்தாறு வயது, வடக்கே எங்கிருந்தோ வந்தவன், ஓடைக்கு அருகே ஒரு பழைய டிரெய்லர் வீட்டை வாங்கியிருந்தான். தினமும் விடிந்ததும் ஓடை கடக்கும் இடத்தில் மடக்கு நாற்காலி போட்டுத் தொலைநோக்கியோடு உட்காருவான். பார்த்தால் சிரிப்பான். அந்தச் சிரிப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கொமாத்ரே, அவன் பிக்கப் வண்டிக்குள்ள எட்டிப் பாத்தேன். முழங்கை வரைக்கும் தோல் கையுறை. பருந்தைக் கையில உக்கார வைக்கிறவன் போடுறது. அதுவும் போதாதுன்னு மரம் ஏறக் கட்டுற இரும்பு முள்ளு, ரெண்டு காலுக்கும்."

"அடியே, அந்த ஆளு கரண்டுக் கம்பத்துல வேலை பாத்தவராம். கம்பத்துல ஏற வேண்டாமா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"அவரேதான்."

"திருடன் வேற என்ன சொல்லுவான்?"

மறுநாள் பாதையில் டார்ட்டியா ரொட்டி மாவைத் தூவி வைத்தாள், காலடி பதியட்டும் என்று. காலையில் போய்ப் பார்த்தால் மாட்டுக் குளம்பு பதிந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். இவளோ, "மாட்டை முன்னால ஓட்டிட்டுப் பின்னால வந்திருக்கான், கெட்டிக்காரன்" என்றாள்.

ஜூன் இரண்டாம் வாரம் எங்கள் குழுவைப் பார்த்துக்கொள்ளும் காண்டஸ் எல்லோரையும் அழைத்தாள். மழைக்கு முன்னால் ஓடை கடக்கும் இடத்தைச் சுற்றிப் பட்ட மரங்களை அறுக்கப் போகிறார்கள், வெள்ளம் வந்தால் கட்டை அடைத்துக்கொள்ளும், ஆகவே கூடு இருக்கும் மரங்களை எழுதிக் கொடுங்கள், நாடா கட்டி அறுக்காமல் விட்டுவிடுவார்கள் என்றாள். நான் எழுதிக் கொடுத்தேன். எர்மினியா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். முந்தின நாள்தான் காண்டஸும் லைலும் ஒரே மேஜையில் காபி குடித்ததை அவள் பார்த்திருந்தாள். ஒன்பது வருஷமாக அறுக்கப் போகிறோம் என்று சொல்கிறார்கள், ஒருத்தரும் வந்ததில்லை. இப்போது மட்டும் பட்டியல் எதற்கு? கூடு இருந்தது மேற்குக் கரையில், உச்சி பட்டுப்போன மரத்தில். அவள் எழுதியது கிழக்குக் கரையில் சாய்ந்து நிற்கும் மரத்தை.

வெளியே வந்து என் காதில் சொன்னாள்.

"நிஜமாவே அறுத்துட்டா?"

"அறுக்க மாட்டாங்க. பட்டியல் நேரா அவன் கைக்குத்தான் போகும். போய் வெறும் மரத்துல ஏறட்டும்."

நான் காண்டஸிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எர்மினியா ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டாள் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நாலாம் நாள் காலை பத்தரைக்கு மரம் அறுக்கும் மெஷின் சத்தம் கேட்டது. வெயில் அப்போதே நூறு டிகிரியைத் தாண்டியிருந்தது. எர்மினியா வண்டியை எடுத்த வேகத்தில் என் வேலியில் இடித்தாள். நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம், "அவன்தான் கூட்டிட்டு வந்திருப்பான், அவன்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

கிழக்குக் கரை மரத்தில் ஆரஞ்சு நாடா அழகாகக் கட்டியிருந்தது. மேற்குக் கரையில் கூட்டுக்குப் பக்கத்து மரம் ஏற்கெனவே கீழே கிடந்தது. உச்சி பட்ட மரத்தின் அடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு லைல் நின்றான். நாலு ஆட்கள் மெஷினோடு அவனைச் சுற்றி நின்றார்கள். மேலே தாய்ப் பருந்து கத்திக்கொண்டே வட்டமடித்தது.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளுங்க. எங்களுக்கும் வீடு வாசல் இருக்கு," என்றான் அந்த ஆட்களின் மேஸ்திரி.

"மேல கூடு இருக்குய்யா. ரெண்டு குஞ்சு."

"பட்டியல்ல இல்லியே! காவல் பாக்குற அம்மாவே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. நீங்க சொல்றதக் கேக்கவா, அவங்க எழுதினதக் கேக்கவா?"

எர்மினியா ஓடைக்குள் செருப்போடு இறங்கி நடந்து போனாள்.

"அவரு சொல்றதுதான் நிஜம்," என்றாள். "நான் பொய்யா எழுதிக் குடுத்தேன்."

"ஏம்மா?"

அவள் லைலைப் பார்த்தாள். "இவரு குஞ்சைத் திருட வந்தவர்னு நெனச்சேன்."

மேஸ்திரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். லைல் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா. தாய் எந்திரிச்சு முக்கால் மணி நேரம் ஆச்சு. கூட்டுல நேர் வெயில். மொதல்ல எல்லாரும் இங்கேருந்து கெளம்புங்க," என்றான்.

"தாய் வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்," என்றாள் எர்மினியா.

"நீங்க நின்னா அது வராது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். ஆனால் பார்க்காமல் திரும்பி நடப்பது அவளால் ஆகிற காரியமா? நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். எதிர் மேட்டில் முந்நூறு தப்படி தள்ளி, கருவேல நிழலில் லைல் தொலைநோக்கியை நிறுத்தினான். அங்கிருந்து கூட்டின் உட்புறம் கொஞ்சம் தெரியும். அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"வந்துருச்சு," என்றான். "சிறகை விரிச்சு நிழல் குடுக்குது."

"குஞ்சு?"

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "ரெண்டும் தலையத் தூக்குது."

அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தான். எர்மினியா குனியவில்லை. மண்ணில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். "வேணாம். நீங்க பாத்துட்டீங்கல்ல, போதும்," என்றாள். இப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டதில்லை. அன்று மாலை குழுவின் பதிவேட்டில் அவளே குஞ்சு இரண்டு என்று எழுதினாள்.

கூட்டுப் பருந்து ஒருமுறை மிரண்டுவிட்டால் பத்து நாள் யாரும் கிட்டே போகக் கூடாது என்பது எங்கள் விதி. பதினோராம் நாள் போனாள். மூன்று காலை தொடர்ந்து பார்த்தாள். ஒரு குஞ்சுதான் இருந்தது. நேராக லைல் வீட்டுக்குப் போனாள். சண்டை வரும் என்று பயந்து நானும் பின்னால் போனேன்.

"அன்னைக்கு எத்தனை பாத்தீங்க?"

அவன் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை மூடினான். "ஒண்ணுதாம்மா தலையத் தூக்குச்சு. இன்னொண்ணு அசையல."

"ரெண்டுன்னு சொன்னீங்களே."

"உங்க மூஞ்சியப் பாத்ததும் வாய் வரல."

"நானும் நம்பிட்டேன்," என்றாள் எர்மினியா. "போயும் போயும் அன்னைக்கு நம்பினேன் பாருங்க." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் காண்டஸ் வீட்டில் பதிவேட்டை வாங்கி இரண்டை அடித்து ஒன்று என்று எழுதினாள். பக்கத்தில் குஞ்சு இறந்த காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு. ஆந்தை, காற்று, பசி என்று அதில் போடுவோம், தெரியாவிட்டால் காலியாக விடுவோம்.

"வெயில்னு போட்டுரு. பொய்யில்லியே," என்றாள் காண்டஸ் மெதுவாக.

எர்மினியா எழுதினாள்: "காவல் பார்த்தவள் வேறு மரத்தை எழுதிக் கொடுத்தாள்." கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.