நான்கு கைகளில் பார்த்த கடிகாரம்

என்னைப் பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரோடும் ஒரே கைக்கடிகாரம் வந்தது.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மகளே "சும்மா கதை விடாதேம்மா" என்கிறாள். அறுபதுகளின் கடைசியில் கொரட்டூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. அப்பா ஏரிக்கரைப் பக்கம் விறகுத் தொட்டி வைத்திருந்தார். நான் பத்தாவது முடித்துவிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில், சைக்கிள் பெடல் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கூடை கூடையாகப் பெடல் வரும். கீறல் விழுந்தது, நெளிந்தது, துருப்பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தனியே போட வேண்டும். நாள் முழுக்கக் குனிந்த தலையோடு குற்றம் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தந்த வேலை.

பெண் பார்க்கும் நாளிலும் குனிந்த தலைதான். தலை நிமிர்ந்தால் அம்மா பின்னாலிருந்து கிள்ளுவாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் பொறுப்பு மற்றவர்களுக்கு. குனிந்த தலைக்கு என்ன தெரியும் என்று யாரும் யோசிப்பதில்லை. காபித் தட்டை நீட்டும்போது எனக்கு நேராக இருப்பது அவர்களுடைய கைதான். வலது கை டம்ளரை எடுக்கும். இடது கை தொடை மேல் கிடக்கும். அந்த இடது கையை நன்றாகப் பார்க்கலாம், யாரும் கிள்ள மாட்டார்கள்.

முதலில் வந்தவருக்குப் பருத்த கை. அதில் அந்தக் கடிகாரம் சதையைப் பிடித்துக்கொண்டு இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. தங்க முலாம் பூசிய வட்டம், உள்ளே மாதுளம்பழ நிறத்தில் முகம், அதற்குள் வினாடி முள்ளுக்கென்று தனியாக ஒரு குட்டி வட்டம். ஏதோ சுவிட்சர்லாந்துக் கடிகாரமாம். எங்கள் தெருவில் கடிகாரம் கட்டியவர்களே இரண்டு மூன்று பேர்தான். அதிலும் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. "சிங்கப்பூர் சித்தப்பா அனுப்புனாரு" என்றார் அவர். ராகு காலம் முடிந்ததா என்று தெரிந்துகொள்ள அப்பா மணி கேட்டார். அவர் கையைத் தூக்கிப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார், "நாலரை இருக்கும்" என்றார். கடிகாரத்தில் மணி பன்னிரண்டேகால். சாவி கொடுக்காமல் அது மதியமே நின்றுபோயிருந்தது. அவர்கள் ஸ்கூட்டர் கேட்டார்கள். அப்பா கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து இரண்டாமவர் வந்தார். ஈர்க்குச்சிக் கை. அதே மாதுளம்பழ முகம், அதே குட்டி வட்டம். மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை போய்ப் போய் வந்தது. வாரில் ஆணியால் குத்திய புதுத் துளை ஒன்று இருந்தது. "நல்லா வேலை செய்றேன்னு கம்பெனில குடுத்தாங்க" என்றார் இவர். அதே கடிகாரம்தான் என்று உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன்.

"கடைல ஒரே மாரி நூறு வாச்சு வச்சிருப்பான். நீ வாயை மூடிகினு நில்லு" என்றாள் அம்மா.

பெண் கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கறுப்பு என்றதற்குக்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. ஆணி குத்திய துளைதான் மனதை விட்டுப் போகவில்லை. பொய் சொல்ல வந்தவன் அளவாவது பார்த்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

இருவரையும் கூட்டி வந்தவர் ஒரே தரகர். ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலைப் பிள்ளைகள்தான் அவர் கைவசம். சர்க்கார் சம்பளம், குவார்ட்டர்ஸ், பென்ஷன் என்று அவர் விரலை மடக்கும்போது அப்பாவின் முகம் மலர்ந்துவிடும். மூன்றாவது இடம் நெமிலிச்சேரி என்று அவர் வந்து சொன்னபோது அப்பா தீர்மானமாகவே சொல்லிவிட்டார்.

"இந்தத் தபா புள்ளைக்குப் புடிச்சிருச்சுன்னா அப்பவே தட்டு மாத்திடுவேன். ஊட்டுக்கு வர்றவனுக்கெல்லாம் காபி போட்டுகினு இருக்க முடியாது."

அப்படியென்றால் எனக்கு இருந்தது ஒரு காபி குடிக்கும் நேரம். அதற்குள் வருகிறவன் யோக்கியனா, பித்தலாட்டக்காரனா என்று நானே கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் வாழ்நாள் முழுக்க அவனோடுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பக்கத்து வீட்டு அக்கா வந்து தன் கல் அட்டிகையை என் கழுத்தில் கட்டிவிட்டாள். நாற்காலிகளும் அவர்கள் வீட்டு நாற்காலிகள்தான்.

மதியம் மூன்று மணிக்கு வந்தார்கள். பிள்ளை, அவருடைய அப்பா, தரகர், இன்னும் இரண்டு பேர். நான் தட்டோடு போனேன். வலது கை டம்ளரை எடுத்தது. இடது கையைப் பார்த்தேன்.

மாதுளம்பழம். குட்டி வட்டம். ஆணி குத்திய துளை.

எனக்கு மூக்கின் மேல் கோபம். அது எப்போதும் அங்கேயேதான் இருக்கும், அன்றைக்குக் கொஞ்சம் அதிகம். அம்மா கிள்ளுவதற்குள் நிமிர்ந்துவிட்டேன். நேராக அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"இந்த வாச்சு யாருது?"

தரகருக்குப் புரையேறியது. அப்பா எழுந்திருக்கப் பார்த்து, நாற்காலி யாருடையது என்று ஞாபகம் வந்ததோ என்னவோ, பதவிசாக மறுபடி உட்கார்ந்தார்.

"என்னுதுதான்" என்றார் அவர்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு தபா இந்த ஊட்டுக்கு வந்துட்டுப் போயிருக்குது. ஒரு தபா சிங்கப்பூர்ல இருந்து, ஒரு தபா கம்பெனி பரிசா. இப்ப எங்கேருந்து வந்துகினு கீது?"

அவர் முதலில் தரகரைப் பார்த்தார். தரகர் கேசரித் தட்டுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கு விஷயம் புரிந்து, சிரிப்பு வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார், வாரை அவிழ்த்தார், வெறும் இடது கையை என் முன்னால் நீட்டினார்.

நெமிலிச்சேரியிலிருந்து ஆவடிக்கு நித்தமும் சைக்கிள் மிதித்து, வெயிலில் காய்ந்த கை. முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கறுப்பு. மணிக்கட்டைச் சுற்றி மட்டும் வார் அகலத்துக்கு வெளுப்பாக ஒரு பட்டை, நடுவில் வட்டமாகக் கடிகாரத்தின் அச்சு. ஒரு நாள் இரவல் வாங்கிக் கட்டியவன் கையில் அப்படி விழாது. வருஷக் கணக்கில் கட்டினால்தான் விழும். குற்றம் கண்டுபிடிக்கிற என் வேலையில், கூடையில் நல்ல பெடல் கிடைத்தால் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கம் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்போம். நானும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். அம்மா கிள்ளியது வலிக்கவே இல்லை.

அடுப்படிக் கதவோரம் நின்றேன், கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது. "கூட வேலை செய்றவங்க கேட்டாங்க, குடுத்தேன். இந்த ஊட்டுக்குத்தான் கட்டிகினு வந்தாங்கன்னு எனக்குத் தெரியாது." அவருடைய அப்பா புது வேட்டியில், நாற்காலியின் நுனியில், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். இந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. அவ்வளவு விலை கொடுத்து ஒரு பொருளை வாங்குவானேன், பிறகு அதைக் கண்டவன் கையிலெல்லாம் கட்டிவிடுவானேன்? ஒன்று ஆடம்பரக்காரராக இருக்க வேண்டும், இல்லை ஏமாந்த சோணகிரியாக இருக்க வேண்டும். இரண்டுமே குடும்பம் நடத்த உதவாது.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை, வேலை விட்டு அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். ஏதோ தற்செயலாக வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அந்த வழியில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. நாங்கள் இரண்டடி தள்ளித் தள்ளி நின்று, ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே பேசினோம். அதற்குள் கூடைக்காரம்மா ஒருத்தி, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர், பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் என்று வரிசையாக வந்து அவரிடம் மணி கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கையைத் திருப்பிப் பார்த்து, நிமிஷம் தப்பாமல் சொன்னார். கூடைக்காரம்மாவுக்கு, ரயில் வர இன்னும் எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"இதுக்குத்தான் வாங்குனீங்களா?" என்று கேட்டேன்.

"இதுக்குத்தான்" என்றார்.

அப்புறம் சொன்னார். அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, அப்பாவோடு ஆவடிக்கு வந்துவிட்டு ஊருக்குத் திரும்ப ஸ்டேஷனில் நின்றிருக்கிறார்கள். ரயில் போய்விட்டதா, இனிமேல்தானா என்று தெரியவில்லை. கடிகாரம் கட்டிய ஒருவர் பக்கத்தில் நின்றிருக்கிறார். அப்பா துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு, "மணி இன்னா சாமி?" என்று கேட்டிருக்கிறார்.

"அந்தாளு இன்னா சொன்னான் தெரியுமா? நீ மணி தெரிஞ்சிகினு இன்னா ஆபீசுக்கா போகப் போறேன்னான். எங்கப்பா சிரிச்சிகினே இந்தாண்ட வந்துட்டாரு. ரயிலு எப்பவோ பூடுச்சி. ஊடு வரைக்கும் நடந்தோம்."

"அப்பா ஒண்ணும் சொல்லலியா?"

"அவுரு அன்னிக்கே மறந்துட்டிருப்பாரு. என்னாலதான் முடியல. வேலைக்கு வந்ததும் மவுண்ட் ரோட்டுல பெரிய கடையா பாத்துப் போனேன். அந்தாளு கட்டியிருந்ததவிட ஒசத்தியா ஒண்ணு குடுன்னேன். எவன் கேட்டாலும் மணி சொல்லணும், இல்லேன்னு சொல்லக் கூடாது."

"சரி. வாச்சையே கேட்டா?"

"மணிக்கே இல்லேன்னு சொல்லக் கூடாதுன்னு வாங்குனவன், வாச்சைக் கேட்டா எப்டி இல்லேங்கிறது?"

ஏமாந்த சோணகிரிதான், சந்தேகமில்லை. ஆனால் என் கோபத்துக்கு இனி இந்த ஆளிடம் வேலை இல்லையே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அவர் இவ்வளவு சொன்ன பிறகு நான் மட்டும் பெரிய மனுஷி மாதிரி நிற்க முடியவில்லை. அன்றைக்குப் போட்டிருந்த அட்டிகை எங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார். "கழுத்துல பட்டை இல்ல."

ரயில் வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம். வெள்ளைச் சட்டைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கல்யாணம் கொரட்டூரிலேயே, எங்கள் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு நடந்தது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. மணையில் உட்கார்ந்ததும் பழையபடி குனிந்த தலை. ஓமப் புகை, மேளச் சத்தம், கழுத்தில் மறுபடியும் பக்கத்து வீட்டு அட்டிகை. பக்கத்தில் தொடை மேல் கிடந்த அவருடைய இடது கையைப் பார்த்தேன். வெறும் கை. அந்த வெளுத்த பட்டை மட்டும் இருந்தது.

இன்றைக்குமா? சொந்தக் கல்யாணத்தன்றுமா இந்த மனுஷன் எவனுக்காவது இரவல் கொடுத்திருப்பார்? அந்தத் தரகர்தான் வாங்கிப் போயிருப்பார் என்று பல்லைக் கடித்தேன். அட்சதையோடு வருகிற கைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். தாலி ஏறியதும் கேட்கவேண்டிய கேள்விகளை மனதில் வரிசையாக அடுக்கியும் வைத்துவிட்டேன்.

அப்போது ஐயர் தலையை நிமிர்த்தி, எனக்கு வலப்புறம் நின்றவரைப் பார்த்துக் கேட்டார்.

"மணி என்ன ஆச்சு சார்?"

மேளக்காரர்கள்கூட இவர் என்ன சொல்லப் போகிறார் என்று கோலை நிறுத்திக் காத்திருந்தார்கள். என் கண்ணுக்கு நேராக ஒரு இடது கை மெதுவாக நீண்டது. தோல் வெடித்து, நகம் கறுத்து, விரல்கள் முழுதாக விரிய முடியாமல் மடங்கிப்போன கை. அதில் மாதுளம்பழ முகம்.

என் மாமனார். அவருக்கு மணி பார்க்கத் தெரியாது.

"நீங்களே பாருங்க சாமி" என்றார். "நல்லா கிட்ட வந்து பாருங்க."

ஐயர் எட்டிப் பார்த்து, "ஒன்பது இருபது. நேரம் இருக்கு" என்றார். மேளம் மறுபடி ஆரம்பித்தது. அன்று முழுக்க மாமனார் பந்திக்கும் பந்தலுக்குமாக நடந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அந்தக் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். பார்த்தவர்கள் மணியைச் சொல்லச் சொல்ல, அதை அடுத்தவருக்கு உரக்கச் சொன்னார். தரகருக்கு மட்டும் நான்கு தடவை சொன்னார்.

கேட்டவனுக்கெல்லாம் கொடுத்து, மறுநாளே போய்த் திருப்பி வாங்கி வருகிற என் கணவர், அந்த ஒரு கையிடம் மட்டும் திருப்பிக் கேட்கவே இல்லை. வெயிலில் சைக்கிள் மிதித்து மிதித்து, அடுத்த ஆடிக்குள் அவர் மணிக்கட்டில் இருந்த பட்டை மறைந்துவிட்டது.