கிளாசுக்குள் இறங்கிய வெள்ளை நூல்

இப்போதும் கண்ணாடிக் கிளாசில் தண்ணீரைக் கண்டால், அதற்குள் வெள்ளையாக ஏதாவது இறங்குகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். குடிக்கத் தருபவர்கள் நான் அழுக்குப் பார்ப்பதாக நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

போரில் கொழும்புப் பாதை மூடி, மண்ணெண்ணெய் கிடைக்காத தடைக் காலம் அது. என் கணவர் கொழும்பில் அகப்பட்டுக்கொண்டார். அவருடைய அக்காவை நான் மச்சாள் என்பேன். கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள். ஊரில் எல்லாரும் தக்காளியைப் பறித்து முடித்த பிறகு, பங்குனி வெயிலில் பிந்திய பயிர் வைக்கத் துணிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவருக்கு அந்தப் பயிர்தான் அடுத்த மழை வரைக்கும் சோறு. பங்குக் கிணற்றின் வாய்க்கால் என் பாத்திகளின் ஊடாக அவருடைய தோட்டத்துக்கும், அங்கிருந்து கீழே மற்றவர்களின் கத்தரி, மிளகாய்க்கும் போகும்.

ஒரு மத்தியானம் என் கன்றுகளில் நாலு, இலை பழுக்காமல் பச்சையாகவே தலை தொங்கி நின்றன. வெயில்தான் என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டேன். பொழுதுபட்டும் அவை நிமிரவில்லை. வாடல் நோயா என்று அறிய விவசாய வகுப்பில் ஒரு வழி சொல்லித் தந்திருந்தார்கள். தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட வேண்டும். நோயென்றால் வெட்டிய இடத்திலிருந்து பால் போல ஒரு நூல் இறங்கும். அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுக் கிளாசுக்கு முன்னால் குந்தியிருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தப்பிவிட்டேன் என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் இறங்கியது.

அதற்கு மருந்தில்லை; தண்ணீரோடு அடுத்த தோட்டத்துக்கும் போய்விடும். கன்றுகளைப் பிடுங்கி எரித்து, அந்தப் பாத்திகளுக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டும். என் காய்கள் பழுக்கவோ பத்து நாள்தான் இருந்தது. நாலு கன்றையும் இரகசியமாக எரித்தேன். கிளாசை அவசரமாக ஊற்றிக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் என் முறைக்கு வாய்க்காலைத் திறந்தேன். மச்சாளிடம் மூச்சுக்கூட விடவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு மத்தியானமும் நான் போய்ப் பார்த்தது அவருடைய கன்றுகளைத்தான்.

என் பழங்களில் முக்கால்வாசி பறித்துவிட்டேன். அடுத்த கிழமை மச்சாள் ஒரு கிளாசோடு வந்தார். அதற்குள் வெள்ளை கலங்கியிருந்தது.

"பிள்ளை, உன்ரை பக்கத்திலை இதை முந்தியே கண்டனியோ?"

"இல்லை மச்சாள்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு சொன்னார்: "சரி. நான் என்ரை வாய்க்காலை அடைச்சுப்போட்டன். கீழை இருக்கிற சனத்துக்குச் சுத்தி வேறை வாய்க்கால் வெட்டவேணும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வா."

அவருடைய கன்றுகளில் பாதி இன்னும் நன்றாகத்தான் நின்றன. அவற்றையும் காயவிட்டுத்தான் அடைத்திருந்தார். இரண்டு நாள் பக்கத்தில் நின்று வெட்டினேன். வெட்கத்தில் நிமிரவே இல்லை. அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.

மச்சாள் இறந்துபோய் ஒன்பது வருடம். போன மாதம் மகள் வீட்டுப் பூச்சாடியில் ஒரு தக்காளிக் கன்று வாடியது. தண்டை வெட்டிக் கிளாசில் விட்டேன். அரை மணி நேரமாகியும் தண்ணீர் தெளிந்தே இருந்தது. ஆனாலும் அதை ஊற்ற எனக்குக் கை வரவில்லை.

"நான் முந்தியே கண்டனான், மச்சாள்" என்றேன்.