திரும்பி நின்ற ட

மருமகள் முதலில் சொன்னபோது எனக்குக் குயில் என்றுதான் காதில் விழுந்தது.

"குயில்ட் கிளாஸ் அத்தை. சனிக்கிழமை சனிக்கிழமை. உங்க பேரு குடுத்துட்டேன்" என்றாள்.

துணியைத் துண்டு துண்டாக வெட்டி, சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து விரிப்பாக்குவது என்று பிறகுதான் விளக்கினாள். சின்ன வயதில் ஒட்டுப் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். ஒட்டு தெரியாமல் இருக்கக் கொசுவத்தை முன்னால் இழுத்து விட்டுக்கொள்வேன்.

"ஒட்டுப் போடறதுக்கா கிளாஸு?"

"ஒட்டுதான். ஆனா எல்லாரும் பாக்கற மாதிரி ஒட்டு" என்றாள்.

முட்டி போனதிலிருந்து நான் நடவுக்கும் களைக்கும் போவதில்லை. வீட்டில் மிதி மெஷின் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பேன், ஜாக்கெட் பிரித்துத் தைப்பேன். அதற்கெல்லாம் அதிகம் பேச வேண்டியதில்லை. கிளாஸ் என்றால் பேச வேண்டும். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் வராது. மருமகள் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து, ஆற்றுப் பாலம் தாண்டி, திருவையாற்றில் ஒரு வீட்டு மாடிப்படியில் இறக்கி விட்டுப் போய்விட்டாள். அந்தப் பெண்ணை நினைத்து மனசுக்குள் எத்தனையோ முறை கும்பிட்டிருக்கிறேன். நேரில் சொன்னால், "போதும் அத்தை, சாப்பிட வாங்க" என்று எழுந்து போய்விடுவாள்.

மாடியில் எட்டு மெஷின். சொல்லிக் கொடுத்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சிங்கப்பூரில் கொஞ்ச காலம் இருந்தபோது கற்றுக்கொண்டதாம். என் பக்கத்து மெஷினில், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவர். அதனால் எங்கள் கிளாஸில் டீச்சர் என்றால் அவர்தான். சொல்லிக் கொடுக்கும் பெண்ணை அவர் பாப்பா என்று கூப்பிட, நாங்களும் பாப்பா என்றே கூப்பிட்டோம்.

அங்கே கற்றுக்கொடுத்தது தாள் வைத்துத் தைக்கிற முறை. தாளில் படத்தைக் கோடு கோடாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போட்டிருக்கும். கோடு தெரிகிற பக்கம் மேலே இருக்க வேண்டும். துணியைத் தாளுக்கு அடியில் வைக்க வேண்டும். ஒன்றாம் துணியையும் இரண்டாம் துணியையும் சேர்த்துப் பிடித்து, மேலே தெரியும் கோட்டின் மீதே தையல் ஓட்ட வேண்டும். பிறகு கால் அங்குலம் விட்டு ஓரத்தை வெட்டி, இரண்டாம் துணியைத் திருப்பி விரித்துத் தேய்த்துவிட்டு, மூன்று. எல்லாம் முடிந்தபின் தாளைக் கிழித்து எடுத்துவிடுவோம். தையல் பொடிப்பொடியாக இருந்தால்தான் தாள் நறுக்கென்று கிழியும்.

தைக்கும்போது துணி கண்ணில் படாது. அடியில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நம்பி ஓட்ட வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. எண் தெரிந்தால் போதும், இங்கிலீஷ் வேண்டாம். ஒன்றுக்குப் பிறகு இரண்டு, இரண்டுக்குப் பிறகு மூன்று. யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

வீடு, படகு, பட்டம் என்று பாப்பா அச்சடித்துக் கொடுத்த தாள்களில் இரண்டு மாதம் போயிற்று. அப்புறம் எல்லாரும் சேர்ந்து அங்கன்வாடிப் பிள்ளைகள் உட்கார ஒரு விரிப்பு தைப்பது என்று முடிவானது. ஆளுக்கு இரண்டு சதுரம். மற்றவர்களுக்கு முன்பே அச்சடித்து வைத்திருந்த படத் தாள்கள், டீச்சருக்கு இங்கிலீஷில் H, E.

"அம்மா, உங்களுக்கு ப, ட. தமிழ்ல வளைவே இல்லாத எழுத்து. ரொம்ப ஈஸி" என்றாள் பாப்பா. "பிரிண்டர்ல மை தீந்து போச்சு. ஸ்கேல் வச்சு நீங்களே தாள்ல போட்டுக்கங்க."

எனக்கு மட்டும் ஏன் ஈஸியாகக் கொடுத்தாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ப நன்றாக வந்தது. வெள்ளைத் துணியில் மூன்று சிவப்புப் பட்டை, ஆணி அடித்த மாதிரி நின்றது. அந்தத் தைரியத்தில் ட தைத்தேன். தாளைக் கிழித்துப் பார்த்தால், இடது பக்கம் நிற்க வேண்டிய பட்டை வலது பக்கம் நிற்கிறது.

எழுத்தே மறந்துவிட்டதோ என்று பயமாகிவிட்டது. பீரோவைத் திறந்து ரேஷன் கார்டை எடுத்துக் 'குடும்ப அட்டை' என்று இருந்ததை விரலால் தடவிப் பார்த்தேன். நான் நினைத்த ட-தான். மறுபடியும் ஸ்கேல் வைத்து, பார்த்துப் பார்த்துக் கோடு போட்டு, மறுபடியும் தைத்தேன். மறுபடியும் திரும்பி நின்றது. அஞ்சாவது படித்தவளுக்கு ட கூட எழுத வரவில்லை என்று எட்டுப் பேர் நினைப்பார்கள். வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். அதுதான் எனக்கு இன்னும் தாங்காது. இனிமேல் போக வேண்டாம், முட்டி வலி என்று மருமகளிடம் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள், கிழித்துப் போட்ட தாள் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். தாளில் எழுத்து சரியாகத்தான் இருந்தது. பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். ட திரும்பித் தெரிந்தது. பேங்க் கண்ணாடிக் கதவில் எழுதியிருப்பது, உள்ளே உட்கார்ந்து பார்த்தால் திரும்பித் தெரியுமே, அது மாதிரி. துணி இருப்பது தாளின் அடியில் அல்லவா, அது பின்பக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ப எந்தப் பக்கம் பார்த்தாலும் ப. அதனால்தான் அது என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. புதுத் தாளில் ட போட்டு, அதைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, தெரிந்த கோட்டின் மேலேயே கோடு போட்டுத் தைத்தேன். ட நிமிர்ந்து நின்றது. தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை இரண்டு சதுரத்தையும் கொடுத்தேன்.

"ட எவ்வளவு நேரா வந்திருக்கு பாருங்க!" என்று பாப்பா தூக்கிக் காட்டினாள். "டீச்சர், உங்க E?"

"இன்னும் முடியல பாப்பா. மாப்பிள்ளை வந்திருந்தாரு" என்ற டீச்சர், காலடியில் இருந்த பையைக் காலாலேயே மெஷினுக்கு அடியில் தள்ளினார். பை வாயில் நீலத் துணி எட்டிப் பார்த்தது. E-யின் முதுகு வலது பக்கம், மூன்று கையும் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் இருந்தால் அன்றைக்கு எனக்கு நல்ல பேர். ஆனால் அந்த மூன்று நாள் நான் பட்டது எனக்குத் தெரியும். பிரித்துத் துணியை மீட்கலாம் என்று எடுத்து வந்திருந்த கெட்டுப்போன ட ஒன்று என் பையில் இருந்தது. அதை எடுத்து அவர் மெஷின் மேல் வைத்தேன்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது யாருது?"

"என்னுதுங்க."

"உங்களுக்குமா அக்கா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் அத்தனை பேரும் திரும்பினார்கள். பையிலிருந்து E-யை உருவி உயர்த்திக் காட்டினார். "முப்பது வருஷம் போர்டுல எழுதின கை இது. E எங்க பாத்து நிக்குது பாருங்க. நாலு தடவ தச்சேன். நேத்து அழுதே போட்டேன்."

"டீச்சரே ஃபெயிலா?" என்று மூலையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஃபெயிலுதான்டி. இந்த அக்காதான் பாஸு. எப்படின்னு அவங்களயே கேளுங்க."

பாப்பா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, பிரிண்ட் எடுக்கறப்ப நானே திருப்பி எடுத்துடுவேன். கையால போட்டா திரும்பிடும்னு சொல்ல மறந்தே போச்சே! அம்மா, நீங்களே சொல்லிடுங்க."

எல்லா முகமும் என் பக்கம். அந்த அம்மாள் தன் E-யை மறைத்தே வைத்திருக்கலாம். அத்தனை பேர் முன்னால் எடுத்துக் காட்டி, என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அதற்கு அவருக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று இன்னும் தெரியவில்லை. அவருடைய தாளை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன்.

"தாள இப்படித் திருப்பி... வெளிச்சத்துல புடிச்சா..."

"அக்கா, சத்தமா! கடைசி பெஞ்சுக்குக் கேக்கல" என்றார் டீச்சர்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னேன்.