செக் பொயின்ட்டில் விட்டுவந்த மெத்தை

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு கடைச் சாமான் எழுதவும் கையெழுத்து வைக்கவும்தான் பேனை பிடித்திருக்கிறேன். முன்னுக்குப் பின் மாறி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஞாபகமும் முன்போல இல்லை. ஆனால் செக் பொயின்ட்டில் மண்மூட்டைக்கு மேலே நான் விட்டுவிட்டு வந்த நீல உறை போட்ட மெத்தை மட்டும் கண்ணுக்குள் அப்படியே கிடக்கிறது.

அது என் கணவருடைய மெத்தை. நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அவர் துறைமுகத்தில் வேலை. பிறந்தது ஹெந்தளைக் கரையில், மீன்பிடிக் குடும்பத்தில். துறைமுகம் சம்பளத்துக்கு, மனம் முழுக்க அவருடைய தம்பியின் பாய்வள்ளத்தில். ஒரு பக்கத்தில் மிதவைக் கட்டை வைத்து, பாய் விரித்துக் காற்றில் ஓடும் ஒடுங்கிய வள்ளம் அது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுவார். பின்னேரம் வரும்போது காதுமடலில் உப்பு வெள்ளையாய்ப் படிந்திருக்கும். "கழுவிப்போட்டு வாங்கோ" என்றால், "இருக்கட்டும், கறிக்கு உதவும்" என்பார்.

நாட்டில் சண்டைக் காலம் அது. ஒருநாள் கப்பலுக்குள் சாமான் இறக்கும்போது மேல்தட்டிலிருந்து கீழே விழுந்தார். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. பதினொரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து, சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். வரும்போது, இருக்கிற இடத்தில் அடியில் போடச் சொல்லி, நர்ஸ் தலையணை அளவான அந்த மெத்தையைத் தந்து என்னிடம் சொன்னா: "உணர்ச்சியில்லாத இடத்தில சதை நசுங்கினா அவருக்குத் தெரியாது அம்மா. புண் வந்து அழுகினாலும் தெரியாது. சோத்தை மறந்தாலும் மெத்தையை மறந்திடாதீங்க." நான் தலையாட்டினேன். பெரிய இடங்களில் எனக்கு அவ்வளவுதான் வரும், தலையாட்டல்.

ஒரு வருசம் அவர் கடலைப் பற்றிக் கதைக்கவேயில்லை. ஜன்னலோரம் இருந்து வீதியைப் பார்ப்பார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் எனக்குப் பயம். பிறகு ஒருநாள் தம்பி கருவாட்டோடு வந்து, புதுப் பாய் தைக்கக் குடுத்திருக்கிறேன் என்றான். இவர் திரும்பிப் பார்த்தார். "என்ன துணியில?" என்று கேட்டார். அன்றைக்குத் தொடங்கிய கதை நிற்கவில்லை. போகும்போது தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "காலாலயாடா பாய்க் கயிறு பிடிக்கிறது? கையாலதானே" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெந்தளைக்கு த்ரீவீலரில் புறப்பட்டோம். வழியில் செக் பொயின்ட். எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். ஆமிக்காரர் ஒருவர் இவரைப் பார்த்து "பஹின்ன" என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "மாத்தயா, எயாட்ட பஹின்ன பே", அவருக்கு இறங்க ஏலாது, என்றேன். அந்த ஆமிக்காரர் முகத்தில் வெட்கம் மாதிரி ஒன்று வந்தது. ஆனால் மற்றவர், அடியில் என்ன இருக்கு என்று பார்க்க வேண்டும் என்றார். நானும் டிரைவருமாக இவரைத் தூக்கிப் பிடிக்க, மெத்தையை எடுத்து அமத்தினார்கள், கம்பியால் குத்தினார்கள், மூக்கில் வைத்து மணந்தும் பார்த்தார்கள். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றான். அவசரத்தில் இவரை இருத்தி, ஏறி, வந்துவிட்டோம்.

கரையில் இறக்கும்போதுதான் மெத்தை இல்லாதது தெரிந்தது. திரும்பிப் போனால் பத்து நிமிசம். போய் எடுத்து வாறன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனியாகப் போய் துவக்கைத் தோளில் கொழுவிய அந்த ஆமிக்காரருக்கு முன்னால் நின்று, ஒரு தலையணைக்காக வந்தேன் என்று எப்படிச் சொல்வது? "கிடக்கட்டும் மச்சாள், சாக்கை மடிச்சுப் போடுவம்" என்றான் தம்பி. "ஒருக்காத்தானே" என்றார் இவர். நானே வள்ளத்துக்குள் சாக்கை மடித்துப் போட்டேன்.

அண்ணனும் தம்பியும், தம்பியோடு வழமையாகப் போகிற ஆளுமாகக் கடலுக்குப் போய் மத்தியானம் திரும்பி வந்தார்கள். கரைக்கு வர முன்னமே சத்தம் கேட்டது. "உனக்குப் பாய் கட்டப் பழக்கினது ஆர், மாடு மேய்க்கிறவனா?" "நீ வீட்டில படுத்திருந்தா நான் ஆரைக் கேக்கிறது?" "இனிப் படுத்திருக்க மாட்டன், பயப்பிடாத." விபத்துக்குப் பிறகு அவர் ஒருவரோடு சண்டை பிடித்தது அன்றைக்குத்தான். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் உடம்பு துடைக்கும்போது பார்த்தேன். இடுப்பு எலும்புக்கு மேலே ஒரு ரூபாய்க் காசுக் குற்றி அளவு தோல் போயிருந்தது. சுற்றிவர சாக்கின் இழை அச்சுப் பதித்திருந்தது. "என்ன, பேச்சைக் காணேல்லை?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அந்தச் சந்தோசத்தை எப்படிக் கெடுப்பது என்றிருந்தேன். இரண்டு நாள் சொல்லாமல் மஞ்சள் பூசிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல். பிறகு வார்ட்டில் ஐந்து மாதம் குப்புறப் படுக்கை. இனி வள்ளம் என்ற கதையே வேண்டாம் என்று டொக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் மறைத்ததை அங்கே ஒருநாள் அழுதுகொண்டு சொன்னேன். குப்புறக் கிடந்த இவர் முகம் நிலத்தைப் பார்த்தபடி. "மெத்தை இல்லையெண்டு தெரிஞ்சுதானே நானும் போனனான்," என்றார். பிறகு, "பாயை அவன் பிழையாத்தான் கட்டியிருந்தான். திருத்திக் குடுக்காமல் வந்திட்டன்" என்றார். அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகு, இவரை ஜன்னலோரம் இருத்தி வைத்திருப்பது ஒரு பாதுகாப்பில்லை என்று எனக்குப் பட்டது.

புண் ஆறி, தோல் கெட்டியாகும் வரை காத்திருந்தோம். வேறு ஒரு மெத்தை கிடைத்தது. அதன் நான்கு மூலையிலும் நாடா தைத்து இவருடைய இடுப்போடு கட்டினேன். ஆனால் தம்பியோடு வழமையாகப் போகிறவர், கால் ஏலாத ஆளை ஏற்றிக்கொண்டு கடலுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். மூன்றாவது ஆள் இல்லாமல் பாய் விரிக்க முடியாது. நான் வாறன் என்றேன். என் வாயில் இருந்து வந்ததை நானே நம்பவில்லை. அந்தக் கரையில் பெண்கள் வள்ளத்தில் கை வைப்பதே இல்லை.

செக் பொயின்ட்டில் நாடாவை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தேன், ஒரு நாடாவைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டே நின்றேன். கரையில் நேவிக்காரரிடம் கடலுக்குப் போகிறவர்களின் பெயர் பதிய வேண்டும். என் பெயரைக் கண்டு, "நோனாவுமா?", அம்மாவும் போறாவா, என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார்.

பாய்க் கயிறு இவர் கையில், துடுப்பு தம்பியின் கையில். வெளியே போனதும் காற்று ஏறி வள்ளம் சரிந்தது. அந்தக் கரையாட்கள் காற்றை ஆட்களால்தான் அளப்பார்கள். வள்ளம் கவிழாமல் எத்தனை பேர் மிதவைக் கட்டைப் பக்கம் போய் இருக்க வேண்டுமோ, அத்தனை ஆள் காற்று. இவர் வானத்தைப் பார்த்தார். "ஒராள் காத்து. இஞ்ச, நீர் போம்" என்றார். அந்தோனியாரே என்று கண்ணை மூடிக்கொண்டு மிதவைக் கட்டைக்குப் போகும் குறுக்கு மரத்தில் தவழ்ந்து போனேன். சேலை நனைந்து கால்களைச் சுற்றியது. "கண்ணைத் திறவும்! உம்மட பாரத்திலதான் நான் ஓடுறன்" என்று கத்தினார். திறந்து பார்த்தேன். கயிற்றை இழுத்தபடி, தம்பியை ஏசிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவரைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு இடம் சிவந்திருந்தது. நர்ஸ் காட்டித் தந்தபடி விரலால் அமத்தி எடுத்தேன். வெளிறியது, பிறகு மெல்லத் திரும்பவும் சிவந்தது. ரத்தம் ஓடுகிறது, சதை சாகவில்லை. "என்ன, பேச்சைக் காணேல்லை?" என்றார். "ஒண்டுமில்லை, நல்லாயிருக்கு" என்றேன். இந்த முறை உண்மை.

அதற்குப் பிறகு சண்டைக்குள்ளேயே எத்தனையோ ஞாயிறு போனோம். இப்போது அவர் இல்லை. நான் வெள்ளவத்தையில் மகளோடு இருக்கிறேன். மாடியில் நின்றால் கடல் தெரியும், பாய் ஒன்றும் தெரியாது. தம்பி இன்னும் ஹெந்தளையில்தான் இருக்கிறான். யாராவது இதை அவனுக்கு வாசித்துக் காட்டி, பிழைகளைத் திருத்தித் தாருங்கள். முக்கியமாக அன்றைக்கு அடித்தது ஒராள் காற்றுத்தானா என்று கேளுங்கள். நான் பயந்துவிடுவேன் என்று இவர் குறைத்துச் சொன்னாரோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.