டிரைவர் தைத்த போர்வை

சேசுராஜுக்கு வீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லை. காரைக்குடிக்கும் கோட்டையூருக்கும் டவுன் பஸ் ஓட்டுகிற மனுஷன். தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஐப்பசி மழையில் வாசல்படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், பொங்கல் கழியும்வரை பஸ்ஸில் ஏறவே கூடாதென்று சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாள் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார். மனைவி அருளம்மாள் அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். மிஷினுக்கு அடியில் ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணி கிடந்தது. கை சும்மா இருக்க முடியாமல் அதில் நாலு துண்டை எடுத்துச் சேர்த்துத் தைத்தார். மார்கழி பிறந்தபோது அது பாய் அகலத்துக்கு வளர்ந்திருந்தது. அடியில் பழைய நூல்சேலையை மடித்து வைத்து ஓட்டுத்தையல் போட்டார். கோடு எங்கெங்கோ போனது.

"வளைவுல வண்டி ஒடிக்கிற மாதிரித் தச்சிருக்கீக" என்றாள் அருளம்மாள்.

அவள் சிரித்தால் பரவாயில்லை. டெப்போவுக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று பயந்தார். ஒருநாள் மத்தியானம் கண்டக்டர் குமரப்பன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்க, போர்வையை அவசரமாக இடுப்புக்குக் கீழே தள்ளினார். ஊசி தொடையில் ஏறிவிட்டது. போட்ட சத்தத்தில் எல்லாம் வெளியே வந்தது.

குமரப்பன் போர்வையை விரித்து, தடவித் தடவிப் பார்த்தான். அவன் பெண்டாட்டி சிங்கம்புணரியில் தாய்வீட்டில் பிள்ளை பெற்றிருந்தாள்.

"அண்ணே, அங்குட்டு ராத்திரி பனி தாங்கல. பிள்ளைக்கு ஒண்ணு தச்சுத் தாங்கண்ணே" என்றான்.

சேசுராஜ் அன்றைக்கே சாக்கைக் கொட்டித் துண்டு பொறுக்கினார். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன வாயில் துணிச் சேலையை அருளம்மாள் கொடுத்தாள். இந்தத் தடவை பொடித்தையல், கோணல் இல்லை. கட்டுப் பிரித்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு, பயணியாக பஸ் ஏறிப்போய், தானே பிள்ளைமேல் போர்த்தினார். போர்த்திய கையோடு பிள்ளை நனைத்துவிட்டது. குமரப்பனின் மாமியார் பதறினார்.

"இருக்கட்டும் ஆத்தா. போர்வை ட்யூட்டியில சேந்துருச்சு" என்றார் சேசுராஜ்.

கால் தேறி வண்டிக்குத் திரும்பினார். ஆனால் அடுத்த மார்கழியில், காலை ட்யூட்டி முடிந்து வந்ததும் சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கடுத்த மார்கழியிலும் அப்படித்தான். மறுமுனையில் அருளம்மாளும் ஊசியோடு உட்கார்ந்துவிடுவாள். நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சளா பச்சையா என்று இரண்டு பேருக்கும் சண்டை வரும். பெரும்பாலும் மஞ்சள்தான் ஜெயிக்கும். அது அவள் கட்சி.